டர்பன்ல பொண்ணைச் சேர்க்க எந்த யூனிவர்சிட்டி: குன்னு மேல இருக்கறதா, மார்க்கெட் பக்கத்துல இருக்கறதா?

எங்க வீட்டுல இந்த வருஷம் மெட்ரிக். தென்னாப்பிரிக்காவுல பன்னெண்டாவதைத்தான் மெட்ரிக்னு சொல்லுவாங்க, ஊர்ல இருந்து படிக்கறவங்க பத்தாவதுன்னு நெனச்சுக்காதீங்க. பொண்ணுக்கு சாப்பாடு சம்பந்தப்பட்ட சயின்ஸ் படிக்கணும்னு ஆசை. ஊறுகாய் ஏன் பூசணம் பூக்குது, தயிர் ஏன் குளிர்காலத்துல உறைய மாட்டேங்குதுன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருப்பா, இதுக்குன்னு தனியா ஒரு படிப்பே இருக்குன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து பிடிவாதமாயிட்டா. இங்க, டர்பன் இருக்கற குவாசூலு நடால் மாகாணத்துல சி.ஏ.ஓ.ன்னு ஒரே ஒரு ஆபீஸ் வழியாத்தான் அப்ளிகேஷன் போகும், ஆறு சாய்ஸ் வரைக்கும் வரிசையா குடுக்கலாம், செப்டம்பர் கடைசிக்குள்ள முடிச்சாகணும், மெடிசின் மாதிரி படிப்புக்கு அதுக்கும் ரொம்ப முன்னாடியே மூடிடுவாங்க. ஆறு இடம் இருந்தாலும் எதை முதல்ல போடறோம்கறதுதான் முக்கியம். அதுக்காக எங்க வீட்டுல ரெண்டு மாசமா பேசிப் பேசி, நேர்ல போய்ப் பார்த்து, ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். டர்பன்ல புதுசா குடியேறின தமிழ்க் குடும்பங்க நிறைய பேர் இதே கேள்வியைக் கேக்கறாங்க, அதனால தெரிஞ்சதை எல்லாம் ஒரே இடத்துல எழுதிடறேன்.

எங்களைப் பத்தி ரெண்டு வரி. எனக்குப் பொறந்த ஊர் வலங்கைமான் பக்கம். கல்யாணமாகி டர்பன்ல சாட்ஸ்வர்த்துங்கற பகுதிக்கு வந்து 19 வருஷம் ஆச்சு. புகுந்த வீடு இங்க நாலு தலைமுறையா இருக்கற குடும்பம், மாமனாருக்கு 80 வயசு, ரிட்டயர்டு வாத்தியாரு. அவரு பேசற தமிழ்ல இன்னும் வடாற்காட்டு வாடை அடிக்கும்.

போட்டியில இருந்தது மூணு. யூனிவர்சிட்டி ஆஃப் குவாசூலு நடால், அதாவது யூ.கே.ஸெட்.என். அடுத்தது டர்பன் யூனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி, டி.யூ.டி. மூணாவது தபால்வழி படிப்புக்குப் பேர்போன யூனிசா.

யூனிசாவை முதல்ல சொல்லி முடிச்சிடறேன். அது மட்டமான இடம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1873ல ஆரம்பிச்ச ஸ்தாபனம், 1916லேர்ந்து இந்தப் பேரு, 1946ல தபால்ல பாடம் நடத்த ஆரம்பிச்சாங்க. ராபன் தீவு ஜெயில்ல இருந்தவங்க நிறைய பேரு, மண்டேலா உட்பட, அதுல படிச்சவங்கதான், இன்னிக்கும் மூணு லட்சத்துக்கு மேல ஸ்டூடண்ட்ஸ் இருக்காங்க. வேலைக்குப் போய்க்கிட்டே பி.காம், எல்.எல்.பி, டீச்சிங் படிக்கறவங்களுக்கு அதை விட்டா வேற நல்ல வழி கிடையாது, செலவும் கம்மி. ஆனா லேப்ல நின்னு கையால செஞ்சு பார்க்க வேண்டிய படிப்புக்கு அது ஒத்து வராது, பிராக்டிகல்னு வந்தா ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துல ஃப்ளோரிடா கேம்பஸ் வரைக்கும் போக வேண்டி வரும். 18 வயசுப் புள்ள காலேஜ்னு ஒரு இடத்துக்குப் போய் நாலு பேரோட பழகறதும் படிப்புல ஒரு பாதி, அது வீட்டு ரூம்ல உக்காந்தா கிடைக்காது. அதனால அது லிஸ்ட்லேர்ந்து போயிடுச்சு. பிரைவேட் காலேஜையும் நாங்க எடுத்துக்கல. என் நாத்தனார் பையன் ஒரு இடத்துல பணத்தைக் கட்டி ரெண்டு வருஷம் படிச்சதுக்கப்புறம்தான் அந்த கோர்ஸுக்கு முறையான பதிவே இல்லன்னு தெரிஞ்சுது, நாத்தனார் நகையை வித்துக் கட்டின பணம் அது. சேர்க்கறதுக்கு முன்னாடி உயர்கல்வித் துறைப் பதிவுல அந்தக் காலேஜ் மட்டும் இல்ல, அந்தக் குறிப்பிட்ட கோர்ஸும் இருக்கான்னு பார்த்துடுங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

இப்ப நிஜமான போட்டிக்கு வரேன்.

யூ.கே.ஸெட்.என்.ங்கற பேரு வந்தது 2004ல. அதுக்கு முன்னாடி அது ரெண்டு யூனிவர்சிட்டி, ரெண்டுக்கும் நடுவுல இருந்தது இந்த நாட்டோட மொத்த நிறவெறிச் சரித்திரம். ஒண்ணு நடால் யூனிவர்சிட்டி, 1909ல பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல காலேஜா ஆரம்பிச்சு 1949ல முழு யூனிவர்சிட்டி ஆனது. டர்பன்ல பெரியாங்கற குன்னு மேல நிக்கற ஹோவர்ட் காலேஜ் 1931ல திறந்தது, முதல் உலகப்போர்ல செத்துப்போன மகன் பேர்ல ஒரு அப்பா கட்டிக் குடுத்த கட்டடம். அழகான இடம், மேலேர்ந்து பார்த்தா ஹார்பர் முழுசாத் தெரியும். ஆனா ரொம்ப வருஷம் நம்ம ஆளுங்க அந்தக் கட்டடத்துல வெள்ளைக்காரப் பசங்களோட சேர்ந்து உக்காந்து படிக்க முடியல. 1936ல மேபல் பாமர்ங்கற அம்மா இந்தியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் தனியா வகுப்பு ஆரம்பிச்சாங்க, அதுவும் குன்னு மேல இல்ல, கீழ டவுன்ல சாஸ்திரி காலேஜ்ங்கற இந்தியர் ஹைஸ்கூல்ல, சாயங்காலமும் வாரக்கடைசியும். அதே யூனிவர்சிட்டிதான், அதே டிகிரிதான், இடம் மட்டும் வேற.

1959ல வந்த சட்டம் இதையும் கெடுத்துச்சு. ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு காலேஜ்னு அரசாங்கம் முடிவு பண்ணிடுச்சு. இந்தியர்களுக்குன்னு 1961ல ஒரு காலேஜ் திறந்தாங்க, எங்கன்னா டர்பன் ஹார்பருக்குள்ள சால்ஸ்பரி தீவுல, நேவி விட்டுட்டுப் போன பழைய கட்டடங்கள்ல. என் மாமனார் அங்க படிச்சவரு. மேகசின் பேரக்ஸ்ல, முனிசிபாலிட்டி வேலைக்காரங்க லைன் வீட்டுல பொறந்து வளர்ந்தவரு, குடும்பத்துல முதல் பட்டதாரி. பேத்தி அப்ளிகேஷன் பத்திப் பேசும்போதெல்லாம் அவரு இதைத்தான் சொல்லுவாரு: "நாங்க படிக்கச் சொல்லோ போட்டுல போவணும் கண்ணு. கோட்டு, டை எல்லாம் கட்டிக்கினு. காத்து அடிச்சா புஸ்தகம் எல்லாம் ஈரமாயிடும்." அந்த டை இன்னும் அவரு அலமாரியில இருக்கு, நீலக்கலர், முனை பிரிஞ்சு போய் இருக்கும், அத்தை ஒருதடவை வெளிய போடப் பார்த்து பெரிய சண்டையே வந்துச்சு. அரசாங்கம் நம்மளை ஒதுக்கி வைக்கக் கட்டின காலேஜ்தான் அது, பலபேரு அந்தக் காலத்துலயே அதைப் புறக்கணிக்கணும்னு சொன்னாங்க, மாமனாரும் அதை மறுக்க மாட்டாரு, ஆனா வேற எங்க போறது, வேற கதவு எதுவும் திறந்திருக்கல.

1972ல அந்தக் காலேஜ் தீவை விட்டு வெஸ்ட்வில் குன்னுக்கு வந்துச்சு, டர்பன் வெஸ்ட்வில் யூனிவர்சிட்டின்னு பேராச்சு. அடங்கி இருக்கட்டும்னு கட்டின இடம் போராட்டக் களமா மாறிடுச்சு, பின்னாடி நிதியமைச்சரா இருந்த பிரவீன் கோர்தன் அங்க ஃபார்மசி படிச்சவருதான். சாத்ஸ் கூப்பர்னு ஒருத்தரு, சால்ஸ்பரி தீவுல படிக்கும்போது அரசியல் பண்ணாருன்னு வெளியேத்தப்பட்டவரு, ராபன் தீவு ஜெயிலுக்கும் போனவரு, கடைசியில அதே டர்பன் வெஸ்ட்வில் யூனிவர்சிட்டிக்கு துணைவேந்தரா வந்து உக்காந்தாரு. மாமனார் இதைச் சொல்லும்போது குரலே மாறிடும். 2004ல குன்னு மேல இருந்த நடாலும் இந்த வெஸ்ட்வில்லும் ஒண்ணா சேர்ந்ததுதான் இன்னிக்கு யூ.கே.ஸெட்.என், ஹோவர்ட், வெஸ்ட்வில், எட்ஜ்வுட், மெடிக்கல் ஸ்கூல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்னு அஞ்சு கேம்பஸ்.

வெஸ்ட்வில் கேம்பஸை நேர்ல பார்க்கப் போனப்போ காந்தி லுதுலி டாக்குமெண்டேஷன் சென்டருக்கும் போனோம். தமிழ்க் குடும்பம் யாரு டர்பன்ல இருந்தாலும் ஒருதடவையாவது அங்க போகணும். 1860 நவம்பர் 16ந்தேதி மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோ கப்பல் வந்து நின்னதுலேர்ந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலியா வந்தவங்க ஒரு லட்சத்து அம்பத்திரண்டாயிரம் பேரு, அவங்களைப் பத்தின கப்பல் பட்டியலைப் பார்க்கலாம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், கடைசியில உடம்புல என்ன அடையாளம்னு ஒரு கட்டம். எங்க வீட்டுப் பாட்டனாருக்கு அந்தக் கட்டத்துல இடது முழங்கால்ல தழும்புன்னு எழுதியிருந்துச்சு. ஜில்லா வட ஆற்காடு. என் பொண்ணு அந்த வரி மேல விரலை வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் எதுவும் பேசல, அப்புறம் அவரு உயரத்தைச் சென்டிமீட்டர்ல கணக்குப் போட்டு, தன்னை விடக் குட்டைன்னு சொன்னா.

ஆனா ஒரு வருத்தத்தையும் சொல்லியாகணும். இதே வெஸ்ட்வில்ல தமிழுக்குன்னு ஒரு பிரிவு இருந்துச்சு, தமிழ், தெலுங்கு, ஹிந்தி, உருது, குஜராத்தி எல்லாம் டிகிரிக்கே படிக்கலாம். 1990களோட கடைசியில, செலவைக் குறைக்கணும், ஆளு சேரலன்னு சொல்லி மூடிட்டாங்க. இன்னிக்கு இங்க தமிழ் படிக்கணும்னா கோயில்லயும் சங்கத்துலயும் சனிக்கிழமை ஞாயித்துக்கிழமை நடக்கற கிளாஸ்தான். கப்பல் பட்டியல் பத்திரமா இருக்கு, அந்தக் கப்பல்ல வந்தவங்க பேசின மொழிக்கு ஒரு நாற்காலி இல்ல. நம்ம ஆளுங்க அந்த சீட்டுல சேர்ந்திருந்தா இது நடந்திருக்காதுங்கறதும் உண்மைதான், பழியை ஒருபக்கம் மட்டும் போட எனக்கு மனசு வரல.

இன்னொரு பக்கம், 2014லேர்ந்து யூ.கே.ஸெட்.என்.ல சேர்ற ஸ்டூடண்ட்டுக்கு இந்த மாகாணத்து மொழியான சூலு தெரியலன்னா ஒரு பாடம் கட்டாயம் படிச்சாகணும். நம்ம ஆளுங்க சிலபேரு இதுக்கு முணுமுணுக்கறாங்க, எனக்கு இது ரொம்பச் சரின்னு படுது, 160 வருஷமா ஒரே மண்ணுல இருக்கோம், பக்கத்து வீட்டு அம்மாகிட்ட நலம் விசாரிக்கக்கூட அவங்க மொழி தெரியலன்னா எப்படி. என் பொண்ணுக்கு ஸ்கூல்லயே கொஞ்சம் வரும்.

ஆராய்ச்சின்னு பார்த்தா யூ.கே.ஸெட்.என்.னோட மெடிக்கல் ஸ்கூல் பக்கம் யாரும் நெருங்க முடியாது. 1951ல கறுப்பர்கள், இந்தியர்கள், கலர்டுன்னு சொல்ற கலப்பின மக்களுக்குன்னு ஆரம்பிச்ச ஸ்கூல், நிறவெறியை எதிர்த்துப் போராடின ஸ்டீவ் பீக்கோ படிச்ச இடம். இப்ப மண்டேலா பேர்ல இருக்கு. கிங் எட்வர்ட்னு பேர் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஒட்டினாப்புல இருக்கு. அங்க இருக்கற கேப்ரிசாங்கற ஆராய்ச்சி மையத்துல அப்துல் கரீம் தம்பதி தலைமையில 2010ல ஒரு ஜெல்லை சோதிச்சுக் காட்டினாங்க, பொண்ணுங்க தாங்களே போட்டுக்கற மருந்து, எச்.ஐ.வி. தொத்தறது 39 சதவீதம் கம்மியாச்சு. இந்த மாகாணத்துல வீட்டுக்கு வீடு எச்.ஐ.வி. என்ன பண்ணுச்சுன்னு பார்த்தவங்களுக்குத்தான் அந்த நம்பரோட அர்த்தம் தெரியும். 2020 டிசம்பர்ல கொரோனாவோட பீட்டா வகையைக் கண்டுபிடிச்சு உலகத்துக்குச் சொன்னதும் இதே மெடிக்கல் ஸ்கூல்ல இருந்த ஜீன் ஆராய்ச்சிக் குழுதான். ஒரு யூனிவர்சிட்டி தன்னைச் சுத்தி இருக்கறவங்களுக்கு வர்ற நோயையே தன்னோட பாடமா எடுத்துக்கிட்டது பெரிய விஷயம்.

சரி, இப்ப கீழ டவுனுக்கு இறங்கறேன்.

டி.யூ.டி.க்கும் ரெண்டு வேர். ஒண்ணு 1907ல ஆரம்பிச்ச வெள்ளைக்காரங்க டெக்னிக்கல் காலேஜ், பின்னாடி டெக்னிக்கான் நடால். இன்னொண்ணு எம்.எல்.சுல்தான் டெக்னிக்கல் காலேஜ். இந்த எம்.எல்.சுல்தான் கொல்லத்துலேர்ந்து 1890ல ஒப்பந்தக் கூலியா வந்தவரு, ரயில்வேயில வேலை பார்த்தாரு, அப்புறம் வாழைத்தோட்டம் போட்டுக் காசு சேர்த்தாரு. இந்தியப் பசங்களுக்கு தொழில் கத்துக்குடுக்க அரசாங்கம் இடம் குடுக்கல, ராத்திரி கிளாஸா அங்கயும் இங்கயும் இரவல் ரூம்ல நடந்துக்கிட்டு இருந்துச்சு. 1940கள்ல சுல்தான் பன்னெண்டாயிரத்து ஐந்நூறு பவுண்டு குடுத்தாரு, மீதிக்கு ஜனங்க வசூல் பண்ணாங்க. 1946ல காலேஜ் அதிகாரபூர்வமா ஆரம்பிச்சு, 1956ல சொந்தக் கட்டடம் திறந்தாங்க. தையல், சமையல், தச்சு, கணக்குப்பிள்ளை வேலை, டைப்பிங், எல்லாத்துக்கும் நம்ம வீட்டு ஆளுங்க வேலை முடிஞ்சு சாயங்காலம் போய்ப் படிச்சாங்க. என் அத்தை அங்கதான் தையல் கத்துக்கிட்டாங்க, என் கல்யாண ஜாக்கெட்டு அவங்க தைச்சதுதான்.

அந்தக் காலேஜுக்குப் பக்கத்துலயே சாஸ்திரி காலேஜ், 1929ல திறந்த இந்தியர் ஹைஸ்கூல், அதுக்கும் இங்க இருந்த ஜனங்கதான் பணம் போட்டாங்க. வசூலுக்கு ஊர் ஊரா அலைஞ்சவரு இந்தியாவோட முதல் ஏஜெண்ட் ஜெனரலா, அதாவது அரசாங்கப் பிரதிநிதியா, 1927ல இங்க வந்த வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. அவரு வலங்கைமான்ல பொறந்தவரு. கல்யாணமாகி வந்த புதுசுல பஸ்ல போகும்போது அந்தப் பேரைப் போர்டுல பார்த்து, வீட்டுக்காரர்கிட்ட யாரு இதுன்னு கேட்டேன், அவரு சொன்னதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு, எங்க ஊர்க்காரர் பேரு இவ்வளவு தூரத்துல ஒரு ஸ்கூல் வாசல்ல நிக்குது.

சுல்தான் காலேஜும் டெக்னிக்கான் நடாலும் பல வருஷம் அக்கம்பக்கமா இருந்தும் ஒருத்தருக்கு ஒருத்தர் முகம் பார்க்காம இருந்தாங்க, நடுவுல சட்டம். 2002ல ரெண்டும் சேர்ந்துச்சு, 2006ல டர்பன் யூனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜின்னு பேராச்சு. சுல்தான் பேரு கேம்பஸ் பேரா நின்னுடுச்சு, பீக்கோ பேரும் ஒரு கேம்பஸுக்கு இருக்கு. காந்தியோட பேத்தி எலா காந்தி இங்க வேந்தரா இருந்தாங்க, அகிம்சைக்குன்னு ஒரு மையமும் இங்க இருக்கு.

எனக்கு டி.யூ.டி.ல பிடிச்சது அது நிக்கற இடம். கேட்டை விட்டு வெளிய வந்து கொஞ்சம் நடந்தா வார்விக் ஜங்ஷன். தினமும் லட்சக்கணக்குல ஜனம் டாக்சியும் பஸ்ஸும் ரயிலும் மாறற இடம், 1910லேர்ந்து நிக்கற எர்லி மார்னிங் மார்க்கெட், சூலு மூலிகைக் கடை, மாட்டுத்தலை வேகவைக்கிற அம்மாங்க, நம்ம ஆளுங்க கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வித்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க, பாதி கடை பாட்டன் காலத்துக் கடை. 2009ல அந்த மார்க்கெட்டை இடிச்சு மால் கட்டறேன்னு முனிசிபாலிட்டி கிளம்பினப்போ வியாபாரிங்க எல்லாரும் சேர்ந்து நின்னு தடுத்தாங்க. இந்த யூனிவர்சிட்டிப் புள்ளைங்க தினமும் அந்த ஜனத்துக்கு நடுவுலதான் நடந்து கிளாசுக்குப் போறாங்க. உணவு படிக்கப்போற பொண்ணுக்கு ஒரு மார்க்கெட்டை விட நல்ல லேப் எதுன்னு எனக்குத் தெரியல, எந்தக் காயை எத்தனை மணி நேரம் வெயில்ல வைக்கறாங்க, தண்ணி எங்கேர்ந்து வருது, கெட்டுப்போனதை என்ன பண்றாங்கன்னு எல்லாமே கண்ணு முன்னாடி நடக்குது.

அவங்க ஊருக்குச் செய்யறதும் கைக்கு எட்டற மாதிரி இருக்கு. ரிட்சன் கேம்பஸ்ல முதுகெலும்பு, மூட்டு வலிக்குக் கையாலயே வைத்தியம் பண்ற கைரோப்ராக்டிக் கிளினிக், ஹோமியோபதி கிளினிக் ரெண்டும் ஜனங்களுக்குத் திறந்திருக்கும், கடைசி வருஷ ஸ்டூடண்ட்ஸ் வாத்தியாருங்க மேற்பார்வையில பார்ப்பாங்க, வெளிய குடுக்கறதுல கொஞ்சம்தான் ஃபீஸ். அத்தைக்கு இடுப்பு வலி வந்தப்போ ஆறு வாரம் கூட்டிட்டுப் போனேன். பார்த்த பையனுக்கு ஒரு இருபத்திமூணு வயசு இருக்கும், ஒவ்வொரு தடவையும் முதல்ல "ஆன்ட்டி, போன வாரம் மாடிப்படி ஏற முடிஞ்சுதா?"ன்னு கேப்பான், எழுதி வச்சுக்குவான், அப்புறம்தான் கையை வைப்பான். அத்தை இப்ப கூழ் ஊத்தற அன்னிக்கு கோயில்ல பூராவும் நின்னுக்கிட்டே பரிமாறறாங்க.

இன்னொண்ணு. சாட்ஸ்வர்த்துல இருக்கறவங்களுக்கு சுகர்ஸ்னா என்னன்னு விளக்க வேண்டியதில்ல. ஹெராயினைக் கண்டதையும் கலந்து மலிவா விக்கற போதை, 2000களோட நடுவுலேர்ந்து எங்க தெருக்கள்ல எத்தனை வீட்டுப் புள்ளைங்களைக் கொண்டுபோச்சு. பெத்தவங்க பிளேட்டு, குழாய், பூஜை விளக்கு எல்லாத்தையும் பூட்டி வைக்க ஆரம்பிச்ச காலம் அது. 2020 லாக்டவுன்ல டர்பன் தெருவுல இருந்தவங்களை எல்லாம் ஒரு இடத்துல கொண்டுவந்து வச்சப்போ, போதை இல்லாம துடிச்சவங்களுக்கு அதுக்கு மாத்து மருந்தான மெத்தடோன் குடுத்துப் பார்த்துக்கிட்டதுல டி.யூ.டி.யோட அர்பன் ஃப்யூச்சர்ஸ் சென்டர் முன்னாடி நின்னுச்சு, அதுலேர்ந்து பெல்ஹேவன்னு ஒரு மையமும் வந்துச்சு. யாரும் தொடக்கூட யோசிக்கற ஜனத்துகிட்ட ஒரு யூனிவர்சிட்டி போய் உக்காந்துச்சு. எங்க தெருவுல ஒரு அம்மா இதை என்கிட்ட சொல்லிட்டு கையெடுத்துக் கும்பிட்டாங்க.

சரித்திரம் போதும், படிப்புக்கு வரேன்னு நீங்க கேக்கலாம். யூ.கே.ஸெட்.என்.ல என் பொண்ணு போனா வெஸ்ட்வில்ல பி.எஸ்சி, மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, ஜெனடிக்ஸ்னு எடுக்கலாம், மூணு வருஷம், அதுக்கு மேல ஹானர்ஸ் ஒரு வருஷம், அதுக்கப்புறம் மாஸ்டர்ஸ், பிஎச்டி. டயடெடிக்ஸ்னா, அதாவது சத்துணவு ஆலோசனைப் படிப்புன்னா, பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகணும், ஹாஸ்டல். அடிப்படை சயின்ஸ் ரொம்ப ஆழமா சொல்லித் தருவாங்க, முதல் வருஷம் பெரிய லெக்சர் ஹால்ல நூத்துக்கணக்குல பசங்க, கெமிஸ்ட்ரியிலயும் மேக்ஸ்லயும் தடுமாறினா கைபிடிச்சுத் தூக்க ஆளு தேடணும். வெளிநாட்டுக்கு மேல்படிப்பு போகணும்னு எண்ணம் இருந்தா இந்த டிகிரியை யாருக்கும் விளக்க வேண்டியதில்ல.

டி.யூ.டி.ல பயோடெக்னாலஜி அண்ட் ஃபுட் சயின்ஸ்னு ஒரு டிபார்ட்மெண்டே இருக்கு. இங்க டிப்ளமா வழியா போனா மூணு வருஷம், அப்புறம் அட்வான்ஸ்டு டிப்ளமா ஒரு வருஷம், அதுக்கு மேலயும் ஏறிப் போய் மாஸ்டர்ஸ், பிஎச்டி வரைக்கும் தொடலாம், சுத்துவழி ஆனா அடைச்ச வழி இல்ல. ஊர்லேர்ந்து வந்தவங்க டிப்ளமான்னதும் பாலிடெக்னிக்னு நெனச்சு மூஞ்சியைச் சுளிக்கறாங்க, அப்படி இல்ல, இது வேற. இங்க டிகிரியும் இருக்கு. மெட்ரிக்ல டிகிரிக்குத் தேவையான பேச்சிலர்ஸ் பாஸ் கிடைக்கலன்னாலும் டிப்ளமா பாஸ் இருந்தா இந்தக் கதவு திறக்கும்ங்கறது பல வீட்டுக்குப் பெரிய நிம்மதி. படிப்புக்கு நடுவுலயே கம்பெனியில போய் வேலை கத்துக்கற காலம் இருக்கு, மொபேனி, ஜேக்கப்ஸ் பக்கம் இருக்கற ஃபேக்டரிங்கள்ல குவாலிட்டி லேப்ல நிக்கறவங்க பலபேரு சுல்தான் காலத்துலேர்ந்தே இங்க படிச்சவங்கதான். கழிவுநீர் ஆராய்ச்சிக்குன்னு தனி இன்ஸ்டிட்யூட்டும் இருக்கு. முதல் வருஷத்துல கார்னர்ஸ்டோன்னு ஒரு பாடம், சயின்ஸ் படிக்கறவங்களும் படிக்கணும், ஒரு பயணத்தை எடுத்துக்கிட்டு நீ யாரு, எங்கேர்ந்து வந்தேன்னு யோசிக்க வைக்கற பாடம். பொண்ணு இதைக் கேட்டதும் முழங்கால் தழும்பு பாட்டனாரைப் பத்தி எழுதலாம்லனு கேட்டா.

பணம். குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூணரை லட்சம் ராண்டுக்குள்ள இருந்தா நிஸ்ஃபாஸ்ங்கற அரசாங்கப் படிப்பு உதவி ரெண்டு இடத்துலயும் கிடைக்கும், சி.ஏ.ஓ. வேற நிஸ்ஃபாஸ் வேற, தனித்தனியா அப்ளை பண்ணணும், நிறைய பேரு இங்கதான் கோட்டை விடறாங்க. எங்களை மாதிரி அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேல இருக்கறவங்கபாடுதான் திண்டாட்டம், உதவியும் கிடைக்காது கையிலயும் இருக்காது. ஹாஸ்டல் இல்லாம வீட்டுலேர்ந்து போய் வர்றதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகும். சாட்ஸ்வர்த்லேர்ந்து டவுனுக்கு ஒரே வண்டி, டி.யூ.டி. வாசலுக்கு நடந்துடலாம். வெஸ்ட்வில்னா டவுன்ல இறங்கி மாறிப் போகணும், காலையில ஏழே முக்கால் கிளாசுன்னா அஞ்சரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும். டவுன்ல பை பறிக்கறது, போன் பறிக்கறது பயம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன், கூட்டமா நடக்கணும், இருட்டறதுக்குள்ள கிளம்பணும். வெஸ்ட்வில் கேம்பஸ் அந்த விதத்துல அமைதி, மரமும் குரங்கும். வருஷ ஆரம்பத்துல ஃபீஸ், ரெஜிஸ்ட்ரேஷன்னு ஸ்டூடண்ட்ஸ் போராட்டம் ரெண்டு இடத்துலயும் வரும், ஒண்ணு ரெண்டு வாரம் கிளாஸ் நின்னு போகும், அதை வச்சு ஒண்ணைத் தள்ள முடியாது.

என் முடிவைச் சொல்றேன். உங்க புள்ளைக்கு மெடிசின், ஃபார்மசி, லா, இன்ஜினியரிங் டிகிரி, இல்ல ஆராய்ச்சின்னே வாழணும்னு எண்ணம்னா யோசிக்கவே வேணாம், யூ.கே.ஸெட்.என். ஹோமியோபதி, கைரோப்ராக்டிக்குக்கு நாட்டுலயே ரெண்டு இடம்தான், அதுல ஒண்ணு டி.யூ.டி. என் பொண்ணு மாதிரி ஒரு பொருளைக் கையில எடுத்து, மோந்து பார்த்து, இது ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்கற புள்ளைக்கு டி.யூ.டி.தான் முதல். ரேங்கிங் பட்டியலைப் பார்த்து எதிர்மாறா சொல்றவங்க இருக்காங்க, அந்தப் பட்டியல்ல கிளினிக் வாசல்ல உக்காந்திருக்கற பாட்டிங்களுக்கு மார்க் கிடையாது. ஒரு காலேஜ் யாருக்காக ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு யாரு அதோட வாசப்படியில உரிமையோட ஏறலாம்கறதைத்தான் நான் பார்த்தேன்.

மாமனாருக்கு இதுல மனசு சரியில்ல. வெஸ்ட்வில் அவரோட காலேஜ், தீவுல ஈரமான புஸ்தகத்தோட ஆரம்பிச்சது, பேத்தி அங்க போய் பட்டம் வாங்கணும்னு எத்தனை வருஷமா நெனச்சிருப்பாரு. போன ஞாயித்துக்கிழமை சாப்பிட்டு முடிச்சதும் பொண்ணு அவரு பக்கத்துல லேப்டாப்பை வச்சுக்கிட்டு, "தாத்தா, உங்களுக்கு மூணு தடவை விளக்கிட்டேன், நாலாவது தடவையும் சொல்றேன்"னு ஆரம்பிச்சா. அவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசியில, "சுல்தான் காலேஜுக்கு எங்க அப்பா கூட ஒரு ஷில்லிங் குடுத்தாரு கண்ணு, வசூலுக்கு வந்தப்போ. மேகசின் பேரக்ஸ்ல எல்லா வீட்டுலயும் வாங்கினாங்க"ன்னாரு. இத்தனை வருஷத்துல இதை அவரு எங்க யார்கிட்டயும் சொன்னதில்ல.

முதல் சாய்ஸ் டி.யூ.டி. ஃபுட், ரெண்டாவது வெஸ்ட்வில் பி.எஸ்சி, மூணாவது டி.யூ.டி. பயோடெக்னாலஜி, நாலாவது பீட்டர்மாரிட்ஸ்பர்க் டயடெடிக்ஸ். அஞ்சும் ஆறும் காலியா விட்டிருக்கோம், ஐ.டி. காப்பி மட்டும் அப்லோட் பண்ணணும்.